பூவும் படத்தில் வேண்டும்

ஆண்டுத் தொடக்கத்தில், பெங்களூரில் வைட்ஃபீல்டை ஒட்டிய ஏ.இ.சி.எஸ். லேஅவுட்டில் தபேபூயா மரங்கள் இலை உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்ததும் நடைபாதையே ஸ்டூடியோவாகிவிடும். ஓர் அம்மா முந்தானையால் லென்ஸைத் துடைக்கிறார்; மகள் முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, வெயிலைப் பக்கவாட்டில் வாங்கி நிற்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காத தேர்ச்சி, அழகு! ஆனால் 2016இல் ஐபோன் 7 பிளஸ் பிரபலமாக்கிய போர்ட்ரெய்ட் முறையில் முகம் மட்டும் துலங்க, பின்னாலுள்ள பூக்கள் வெறும் ரோஸ் புகையாகக் கரைந்துவிடுகின்றன. 1980களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் லட்சக்கணக்கில் மரம் நட்ட ஊரில், தேடி வந்த பூவே படத்தில் தெரியாமல் போகலாமா? நல்லவேளை, அந்த அம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. சாதாரண முறைக்கு மாற்றி, எதிர்ப்பக்கம் போய்க் குந்தி, அடிமரத்திலிருந்து உச்சிக் கொத்துவரை சேர்த்து எடுத்தார்.