ஆலை வருமுன் எடுக்க வேண்டிய அளவு

செட்டிநாட்டுச் சமையலில் தாளிப்புக்கு இடப்படும் கல்பாசி, பெயரளவில் பாசி. உயிரியலில் அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஓருடலாய்க் கூடி வாழும் இவ்வுயிருக்கு வேர் இல்லை. இலைகளைக் காக்கும் மெழுகுப் படலமும் இல்லை. மழை, பனி, தூசி ஆகியவற்றின் வழியாகவே உணவைப் பெறுவதால், காற்றில் வரும் உலோகத்தையும் அது உள்வாங்கிக்கொள்கிறது. மெல்ல வளர்வது ஆகையால், ஒரு துண்டிலேயே பல ஆண்டுக் காற்றின் சுவடு தங்கிவிடுகிறது.

1866இல் நைலாண்டர், பாரிசு நகரின் பிற இடங்களில் காணப்படாத லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் எஞ்சியிருப்பதைக் கண்டு, அவற்றைக் காற்றின் தூய்மைக்கு அளவுகோலாகக் கொள்ளலாம் என்றார். தமிழகத்தில் இதற்குத் தெளிவான சான்று கொடைக்கானல். அங்கிருந்த பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. ஆலைச் சுற்றுப்புறம், கொடைக்கானல் ஏரி, தொலைவிலுள்ள பேரிஜம் ஏரி ஆகிய இடங்களின் மரங்களிலிருந்து லைக்கன்களையும் மாசிகளையும் சேகரித்து ஆராய்ந்த கட்டுரை 2003இல் வெளிவந்தது. ஆலையருகே எடுத்தவற்றில் பாதரசம் மிகுந்திருந்தது.

இம்முடிவுக்கு வலுச்சேர்த்தது ஒப்பீடு. ஒப்பிடத் தூய இடம் இல்லையெனில், ஆலையருகே கிடைத்த எண் வெறும் எண்ணாகவே நின்றிருக்கும். லைக்கன் தனித்து எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. மரப்பட்டை, ஈரம், ஒளி ஆகியவையும் அதன் நிலையை மாற்றுகின்றன. காற்றின் திசை, தொலைவுக்கேற்பக் குறையும் அளவு, ஈய ஐசோடோப்பு விகிதம் ஆகியவை ஒரே பக்கம் சுட்டும்போதுதான் மூலம் உறுதிப்படும்.

இக்கருத்து புரோத்ராபூருக்கு நேரடியாகப் பொருந்தும். போர்ட் பிளேரை ஒட்டிய இவ்வூரில் பேராலை எதுவும் இல்லை என்பதால் ஆய்வுக்கு இடமில்லை என வாதிடுவோர் உண்டு. உண்மையில், ஆய்வுக்கு உகந்த காலம் அதுவே. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலிலிருந்து வருகிறது. வாகனங்களும் கட்டுமானமும் பெருகுகின்றன. கடற்காற்று கொணரும் உப்பும் லைக்கனில் படிகிறது. உப்பின் பங்கு எவ்வளவு, புகையின் பங்கு எவ்வளவு என்பதை இன்றே பிரித்தறியாவிடில், நாளை எழும் ஒவ்வொரு முறையீட்டுக்கும் 'இது கடலின் இயல்பு' என்னும் மறுமொழியே கிடைக்கும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் மண்டல மையம் போர்ட் பிளேரிலேயே உள்ளது. புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகம் புரூக்சாபாத்தில் இயங்குகிறது. தென்னையும் பாக்கும் நிற்கும் தோட்டங்களில் மரங்களைக் குறித்து, ஆண்டுக்கொருமுறை மாதிரி எடுத்து, இனம், இடம், நாள் ஆகியவற்றுடன் பொதுவில் வைப்பது முதுகலை மாணவர் குழு ஒன்றுக்கு இயலும் பணி. லைக்கன் இல்லாத இடங்களில், தூய காட்டிலிருந்து கொணர்ந்து வலைப்பையில் தொங்கவிடும் முறையும் உண்டு.

கொடைக்கானலில் லைக்கன் பேசியபோது ஆலை மூடப்பட்டுவிட்டது. புரோத்ராபூரில் அது முன்னரே பேசட்டும்.