கூலி யாருடைய பெயர்?

உலகத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கொடை என்று மேடையில் பட்டியல் வாசிக்கிறார்கள் நம் தமிழறிஞர்கள். கட்டுமரம், சுருட்டு, கூலி. நானும் தமிழ் எம்.ஏ. படித்தவன்தான். கேட்கிறேன்: கூலியைக் கொடையாகக் கொடுத்தவன் எவன்?

குறள் 619-இல் கூலி என்றால் உழைப்புக்குரிய பயன். தூத்துக்குடி உப்பளத்தில் 'கூலி போட்டாச்சா?' என்று கேட்கும் எங்க சனத்துக்கும் அது கைக்கு வரவேண்டிய காசு. ஆளோட பேரு இல்ல.

வெள்ளைக்காரன் வாயில் அது ஆளாகிப் போனது. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் போனவர்கள் 'கூலி'கள். தென்னாப்பிரிக்காவில் அது வசவாகவே நிலைத்தது. தூத்துக்குடித் துறையில் கொழும்புக்குக் கப்பலேறி, இலங்கைத் தோட்டங்களில் மாண்ட பள்ளர், பறையர், சக்கிலியருக்கும் அதே பெயர்.

வேர் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. குஜராத்துக் கோலி சாதியின் பெயர் என்பார் ஒருவர். தமிழ்க்கூலி என்பார் இன்னொருவர். துருக்கியில் 'குல்' என்றால் அடிமை. சீனர்கள் இதே ஒலியைக் கசப்பு, வலு என்ற இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். வேர் அதுவல்ல, ஆனால் பட்டவனுக்குத்தான் அர்த்தம் தெரிந்திருக்கிறது.

வெள்ளைக்காரனை மட்டும் ஏசிப் பிரயோசனமில்லை. இங்கேயும் சம்பளக்காரர் 'அவர்', கூலிக்காரன் 'அவன்'தானே?

1908-இல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளிகள் கூலியைக் கூட்டச் சொல்லி வேலையை நிறுத்தினார்கள், வாங்கியும் காட்டினார்கள். அவர்கள் கேட்டது காசை, பட்டத்தை அல்ல. பட்டியல் வாசிக்கிறவர்கள் அடுத்த மேடையில், அந்தச் சொல் யார் முதுகில் ஏறிக் கடல் கடந்தது என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.