இது நம்ம வாத்தியமா?



பத்து காஜாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். திருவிழாக்களில் உருமி அடித்தவர். அவருடைய பேரன் பள்ளிக்கூட பேண்டு குழுவில் சாக்ஸபோன் ஊதுகிறான். மாலையில் அவன் பழகத் தொடங்கினால் போதும், பெரியவருக்கு முகம் சுருங்கிவிடும். ‘‘இது நம்ம வாத்தியமா தம்பி?’’ என்று என்னிடமே கேட்டார்.

நியாயமான கேள்விதான். 1840களில் பெல்ஜிய நாட்டவரான அடால்ப் சாக்ஸ் உருவாக்கிய கருவி அது. ஆனால், மங்களூர்ப் பக்கத்தில் 1949ஆம் ஆண்டு பிறந்த ஒரு நாதஸ்வர வித்துவானின் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கிப் போனார். அவர்தாம் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரத்தைப் போல விரலாலேயே சுரங்களை வழுக்கி அசைக்க அதில் வழியில்லை. அதில் இருப்பதோ பித்தளைச் சாவிகள். மூச்சையும் உதட்டையும் பழக்கிப் பழக்கியே கமகத்தை அதில் வரவழைத்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கர்நாடக இசை வாசித்தார். அதே ஆண்டு வந்த ‘டூயட்’ படத்தில் கேட்டோமே, அந்த சாக்ஸபோன் அவருடையதுதான்!

இனி இன்னொருவர் கதை. ருத்ரேஷ் மகந்தப்பா, கர்நாடகப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவர் கற்றது ஜாஸ். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை அது. நம் வித்துவான்கள் மனோதர்மப்படி ராகத்தை விரிப்பதுபோல, ஜாஸ் கலைஞர்களும் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பார்கள். அவர் இசை படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஓர் இசைத்தட்டை வேடிக்கையாகக் கொடுத்தார். ‘இந்தியப் பாணியில் சாக்ஸபோன்’ என்பது அதன் தலைப்பு. வாசித்தவர் கத்ரி! சிரிப்பதற்காகக் கொடுத்தது, கேட்டவரோ வியந்துபோனார்.

பின்னாளில் ருத்ரேஷ் அவரைத் தேடிச் சென்றார். 2008இல் இருவரும் சேர்ந்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். பெயர் ‘கின்ஸ்மென்’; அதாவது உறவினர்கள். ஒருபுறம் கன்னியாகுமரியின் வயலின், பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கம். மறுபுறம் கிட்டார், டிரம்ஸ். நடுவே ஒரே வகை சாக்ஸபோன் இரண்டு. கல்யாணி ராகமும் உண்டு. ஒருவர் கேள்வி போட, மற்றவர் பதில் சொல்கிறார். மூத்தவர் ஜாஸ்காரராக மாறவில்லை. இளையவரும் கர்நாடக வித்துவானாக வேடம் போடவில்லை. அவரவர் பேச்சில் பேசியே உறவாகிவிட்டார்கள்.

2019இல் கத்ரி காலமானார். அந்த ஒலிப்பதிவு இருக்கிறது.

அதைத்தான் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை அவர் குரல் வாசல்வரை கேட்டது: ‘‘எங்கேடா, கொஞ்சம் ஊது பார்ப்போம்!’’

வாசகர்களே, தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டோம். நம் பிள்ளைகள் கையில் புதுக் கருவிகள் இருக்கின்றன. ‘இது நம்முடையதா?’ என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நம் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டுங்கள். கருவி எந்த ஊரில் பிறந்தால் என்ன? மூச்சு நம் பிள்ளையுடையதுதானே!