வேலியே பயிரை மேய்ந்தால்...

பேராக்கில் உள்ள கமுந்திங் தடுப்பு முகாம், நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் எனக் கருதப்பட்டோரை விசாரணையின்றி அடைத்து வைத்த இடம். அதற்கு வழிவகுத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2010இல் குடிநுழைவுத் துறை அதிகாரிகள் சிலரும் கைதாயினர். மனிதக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்தனர் என்பதே அவர்கள்மீதான குற்றச்சாட்டு.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு என்ன? கையூட்டுக்குத் திறக்கும் எல்லை வழியே போதைப்பொருளும் ஆயுதமும் நுழையலாம். 2015இல் பெர்லிஸ், வாங் கெலியான் காட்டில், கடத்தல் கும்பல்கள் கைவிட்டுச் சென்ற முகாம்களின் அருகே 139 புதைகுழிகள் இருப்பதாகக் காவல்துறை அறிவித்தது. ஆகவே, மனிதக் கடத்தல் ஏழைகளின் துயரம் மட்டுமன்று. நாடுகளின் பாதுகாப்பையும் குலைப்பதாகும்.

அந்தப் பழைய சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. இனி, நேர்மையான அதிகாரிகளும், திறந்த நீதிமன்ற விசாரணையும், கடத்தப்பட்டோருக்கு அளிக்கும் பாதுகாப்புமே நாட்டின் உண்மையான வேலி.