மூப்பும் இரும்பும்

தாம்பிரபரணிப் பள்ளத்தாக்கிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லுகிறதென்று 2025-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அதைக் கேட்டு நம் ஜனங்கள் அடைந்த பெருமைக்கு அளவில்லை. மண்ணுக்குள் கிடந்த இரும்பின் வயதைக் கணிக்க நாம் காட்டிய ஊக்கம் மெச்சத் தக்கதே. ஆனால் அதே பள்ளத்தாக்கில் உயிரோடிருக்கும் முதியோரின் மூளையிலும், வயதோடு கூடச் சேர்ந்துவரும் இரும்பு ஒன்று உண்டு. அதையும் அளந்தறிய வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நமது அபிப்பிராயம்.

மூளைக்கு இரும்பு விரோதியன்று. பிராணவாயுவைக் கொண்டு சக்தியை உண்டாக்குவதற்கும், நரம்பிழைகளின் மேலுறை அமைவதற்கும், டோபமின் என்னும் இரசாயனப் பொருள் உற்பத்தியாவதற்கும் அது இன்றியமையாதது. ஸ்வீடன் தேசத்து ஹால்கிரென், சௌராண்டர் என்ற இருவர், இறந்தவர்களின் 81 மூளைகளைச் சோதித்து 1958-ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் நூறு கிராமுக்குச் சுமார் 21 மில்லிகிராம் இரும்பு இருக்கக் கண்டனர். அங்கே அது முப்பது வயது வரையில் விரைவாக ஏறிப் பின்பு ஒருவாறு நின்றுவிடுகிறது. வேறு சில பகுதிகளிலோ ஐம்பது, அறுபது வயது வரையில் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே இரும்பு சேர்வது மாத்திரம் நோயாகாது. ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் அடங்கியிருக்கும் வரை அதனால் தீங்கில்லை. கட்டவிழ்ந்து திரியும் இரும்பே நரம்பணுக்களை அரிக்கிறது.

அக்காலத்தில் மூளையை வெளியே எடுத்தாலொழிய இதை அறிய வழியில்லை. இன்றோ எம்.ஆர்.ஐ. இயந்திரம் அவ்வேலையைச் செய்கிறது. இரும்பு காந்த குணமுடையதாதலால், அது சேர்ந்த இடத்தில் இயந்திரத்தின் காந்தப் புலம் சற்றே கோணலாகிறது. அங்குள்ள நீரிலிருந்து வரும் சமிக்ஞை விரைவில் அடங்கிவிடுகிறது. எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதிலிருந்தும், புலம் எவ்வளவு கோணுகிறது என்பதிலிருந்தும் இரும்பின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஊசி மருந்து வேண்டாம். எக்ஸ்ரே கதிரும் கிடையாது. வழக்கமான பரிசோதனையோடு சில நிமிஷங்கள் கூடினால் போதும். இறந்தவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ.யாலும் இரசாயன முறையாலும் அளந்து, இரண்டும் ஒத்துப்போவதை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2010-ல் நிரூபித்தனர்.

பார்க்கின்சன் நோயில் மூளையின் கரும்பகுதியிலும், அல்சைமர் நோயில் ஞாபகத்திற்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் இரும்பு மிகுந்திருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் குற்றம் நடந்த இடத்தில் நின்றவனெல்லாம் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் தீர்ப்பளிப்பதில்லை. இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தைப் பார்க்கின்சன் நோயாளிகள் 372 பேரைக் கொண்டு சோதித்தார்கள். மருந்துண்டவர்களின் நிலைமை மற்றவர்களுடையதைவிட மோசமாயிற்று என்று 2022-ல் அறிக்கை வந்தது. அல்சைமர் நோயின் ஆரம்ப நிலையிலிருந்த 81 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2024-ல் வந்தது. ஹிப்போகாம்பஸில் இரும்பு குறைந்ததை எம்.ஆர்.ஐ. காட்டிற்று, மருந்துண்டவர்களின் புத்தி மாத்திரம் மற்றவர்களுடையதைவிட விரைவாகத் தளர்ந்தது. அளவுகோல் கைக்கு வந்தவுடனே ஆயுதத்தை எடுத்துவிடலாகாது என்பதற்கு இவற்றினும் வலிய சாட்சியம் வேண்டுமோ?

நமது தேசமும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தார் நம் நாட்டு முதியோரின் ஹிப்போகாம்பஸ் இரும்பை அளந்து 2022-ல் முடிவுகளை வெளியிட்டனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம், கோலார் ஜில்லாவின் ஸ்ரீநிவாசபுரம் வட்டாரத்தில் 45 வயது நிரம்பிய கிராமவாசிகள் பதினாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதிக்கும் நோக்கத்துடன் வேலை செய்கிறது. தேசத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேர் மறதி நோயால் வாடுகிறார்கள் என்றும், நகரங்களைவிடக் கிராமங்களிலேயே இது அதிகம் என்றும் 2023-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. கோலாரில் நடப்பது திருநெல்வேலியில் ஏன் நடக்கக்கூடாது?

நமக்குச் சொந்தக் கணக்கு வேண்டுமென்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான மாதர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணுக்கும், ஸ்ரீவைகுண்டத்து வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் இரத்தத்தில் இரும்பு போதவில்லை. வாழ்நாளெல்லாம் இப்படி இரும்புக்கு ஏங்கிய உடம்பில், எழுபது வயதில் மூளையின் கணக்கு எப்படியிருக்கும்? மேல்நாட்டார் தம் ஜனங்களிடம் எடுத்த அளவைக் கொண்டு இதற்கு விடை கூற முடியாது. இரத்தத்திலுள்ள இரும்பு வேறு, மூளையில் தேங்கும் இரும்பு வேறு. இச்செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, வைத்தியர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை எந்தப் பெண்ணும் நிறுத்திவிடலாகாது என்று வற்புறுத்திக் கூறுகிறோம்.

1965-ல் ஏற்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இவ்வேலைக்கு ஏற்ற ஸ்தாபனம். அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, இசைந்து முன்வரும் முதியோரைப் பொறுக்கி, இரண்டு மூன்று வருஷங்களுக்கொருமுறை அவர்களது மூளை இரும்பையும், இரத்தத்தையும், ஞாபக சக்தியையும் ஒருங்கே அளந்து வரவேண்டும். ஸ்கானில் பதியும் கட்ட விவரங்கள் பெரும்பாலும் சேமிக்கப்படாமல் அழிந்து போகின்றன. இரும்பின் கணக்குக்கு அவையே ஆதாரம். அவற்றைப் பத்திரப்படுத்தப் பெருஞ்செலவு ஆகாது. முடிவுகளைத் தமிழில் எழுதி, சோதனைக்கு உடன்பட்டவர்களிடமே முதலில் கொடுக்க வேண்டும். இன்னார் இன்ன நோயால் பீடிக்கப்படுவார் என்று இந்த அளவைக் கொண்டு ஜோசியம் கூறி, ஏழைகளிடம் பணம் பறிக்கும் வியாபாரத்தைச் சர்க்கார் ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும்.

இத்தகைய ஆராய்ச்சியின் பலன் நாளைக்கே கிடைக்காது. பத்து வருஷம் பொறுக்க வேண்டும். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்து திகைக்கும் தாய்க்கு அது உதவாமற் போகலாம். அவளுக்கு வேண்டியது இன்றைய பராமரிப்பு, அதையும் சர்க்கார் அளிக்க வேண்டும். அவளுடைய மகளுக்காவது இது உதவ வேண்டுமாயின், கணக்கை இன்றே தொடங்கியாக வேண்டும். ஐயாயிரம் ஆண்டு இரும்பைத் தேடப் பணமும் அறிவும் செலவிட்ட சர்க்கார், எழுபது ஆண்டு இரும்பை அளக்கவும் முன்வருமென்று எதிர்பார்க்கிறோம்.