மலையடிவாரத்தின் கணக்கு

ஃபெஞ்சல் புயலின் மழை விடாது கொட்டிய 2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்ணாமலையின் சரிவிலிருந்து பெயர்ந்து வந்த பாறையும் சேறும் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. மாண்டவர் ஏழு பேர். அவர்களில் ஐவர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டது. அந்த ஜோதியைத் தரிசித்துக் கைகூப்பிய நமக்கு, அம்மலையின் அடிவாரத்திலே துக்கம் ஆறாதிருந்த தெருவின்பாலும் ஒரு கடமை உண்டு.

அதே ஆண்டில்தான் நமது ஊர் மாநகராட்சியாக உயர்ந்தது. மகிழ்ச்சியே. ஆயினும், மழைநீர் இறங்கும் ஓடையின்மீது கடைக்கால் தோண்டும்போது பாராமுகமாய் இருந்துவிட்டு, சுவர் எழுந்தபின் வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும், தேர்தல் வந்தால் சிமெண்டுச் சாலையும் கொடுத்து, உயிர் போனபின் ‘ஆக்கிரமிப்பு’ என்று அந்த ஏழைகளையே குற்றம் சாட்டுவது தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களைப் பீடித்துள்ள பழைய வியாதியாகும். பெயர்ப்பலகை மாறியதால் மாத்திரம் அது தீர்ந்துவிடாது. இம்மலையின் ஆக்கிரமிப்புகளைப் பற்றிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போக நேர்ந்ததே அதற்கு அத்தாட்சி.

ஆள்வோரிடம் கணக்குக் கேளாதிருந்தால் என்னவாகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் தேசத்தைப் பாருங்கள். மார்க்கோஸின் சர்வாதிகாரத்தை 1986-ல் வீதியில் நின்றே வீழ்த்திய அத்தீவுகளின் ஜனங்கள், அரசியலில் பரம்பரை ஆதிக்கத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று 1987-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தனர். சட்டம் இயற்ற வேண்டிய சபையில் அப்பரம்பரையினரே நிறைந்திருந்தமையால், அது பல பத்தாண்டுகள் இயற்றப்படாமலே கிடந்தது; 2022-ல் அதே மார்க்கோஸின் புதல்வர் ஜனாதிபதியானார். வெள்ளத் தடுப்பின் பெயரால், கட்டாத கரைகளுக்கும் பணம் பட்டுவாடாவான செய்தி 2025-ல் அம்பலமாக, செப்டம்பர் 21 அன்று மணிலாவில் ஜனத்திரள் மீண்டும் வீதிக்கு வந்தது. ஆண்டுதோறும் வெள்ளத்தில் நின்றவர்கள் கேட்டது தங்கள் பணத்தின் கணக்கைத்தான்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு யோக்கியதை அற்றவர் என்று விதிக்கின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்ய, அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுச் சபையறிய வாசிக்க வேண்டும். வேறோர் ஓலையை விரலிடுக்கில் ஒளித்து மாற்ற வழியில்லை. அச்சபை பிராமணருக்கே உரியதாய், பெண்களுக்கு இடமற்றதாய் இருந்தது. அந்தப் பாகுபாடு நமக்கு வேண்டா. விரித்த கை வேண்டும்.

இக்காலத்தில் அதற்குரிய இடம், வார்டுவாசிகள் கூடும் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் இச்சபைகள் கூடின. திருவண்ணாமலையில் அவை காலந்தவறாது கூட வேண்டும். வார்டுக்கு வந்த தொகை, ஒப்பந்ததாரர் பெயர், முடிந்த வேலை, முடியாத வேலை ஆகியவற்றைக் கவுன்சிலர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசிக்காதவருக்கோ, அவருடைய மனைவி மக்களுக்கோ, அடுத்த தேர்தலில் எந்தக் கட்சியும் சீட்டுக் கொடுக்கலாகாது. சரிவில் வசிப்போருக்கு, அவர்களுடைய தொழிலுக்கு எட்டிய தூரத்திலே மாற்று வீடு கட்டித் தந்த பிறகே அவர்களை அங்கிருந்து அகற்ற வேண்டும். முதல் கூட்டம் வ.உ.சி. நகரிலேயே, ஐப்பசி மழை தொடங்குமுன் கூடட்டும்.