புழு வளர்க்கும் பெண்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால் தையல், வீணை, தபால்தலை என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டவரும் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போவார். என் பதிலைக் கேட்டபின் சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. நான் புழு வளர்க்கிறேன்.

ஏழாம் வகுப்பு விடுமுறையில் ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். இலைமேல் கிடந்த பறவை எச்சம் மெல்ல நகர்ந்தது! பார்த்தால், அது புழு. பறவைகளை ஏமாற்ற அப்படி ஒரு வேடம். வளர வளரத் தோலுரித்துப் பச்சை நிறமாகிறது. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி, ஒரு நாற்றத்தையும் விடுகிறது. கடைசியில் குச்சியோடு தன்னைப் பட்டு நூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. அன்று முதல் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொசுவலைத் துணியும் என் சொத்து. எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு வேறொரு வகை உண்டு. அதன் கதை இன்னும் சுவையானது. ஆனால் நான் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று தோழிகள் சொல்வதால் விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா, பாட்டிலைச் சமையலறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்றார்கள். பாட்டி, "கம்பளிப்பூச்சி பட்டால் உடம்பெல்லாம் தடிக்குமடி" என்று பயந்தார்கள். என் புழுவுக்கு ரோமமே இல்லை என்று காட்டிய பிறகுதான் சமாதானமானார்கள். அப்பா, பொதுத்தேர்வு முடியும்வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டு என்றார். அத்தை ஒருபடி மேலே போய், "நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லி வைக்காதே" என்றார்கள். எனக்கு வயது பதினைந்து!

அப்பா சொன்னதில் நியாயம் உண்டு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு மதிப்பெண் குறைந்தது உண்மை. அம்மாவின் கறிவேப்பிலைச் செடி மொட்டையானதும் உண்மை. ஆனால் பள்ளியில் "புழு" என்றே எனக்குப் பெயர் வைத்ததற்கு எந்த நியாயமும் இல்லை. மூன்று ஆண்டுகளாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட தோழி, "அந்தக் கையால் பிசைந்த சோறா?" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று நான் சாப்பிடவில்லை.

இது புதிய கதையும் அல்ல. இங்கிலாந்தில் எலினார் கிளான்வில் என்ற பெண்மணி வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்துவந்தார். 1709-இல் அவர் இறந்தபின், பூச்சி பிடித்துத் திரிந்தவருக்குப் புத்தி சரியாக இருந்திருக்காது என்று அவருடைய உயிலை எதிர்த்து உறவினரே வழக்காடினார்கள். இன்று ஒரு வண்ணத்துப்பூச்சி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஜெர்மனியில் 1647-இல் பிறந்த மரியா சிபில்லா மேரியன் பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்தார். பூச்சிகள் சேற்றிலிருந்து தாமே உண்டாகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. 52 வயதில் மகளையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே கண்ட புழுக்களையும் பூச்சிகளையும் வரைந்து 1705-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய தாயின் இரண்டாம் கணவர் ஓர் ஓவியர். சிறுமியின் கையில் தூரிகையைக் கொடுத்தவர் அவர்தான்.

இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியில், சிஸ்டர் வற்புறுத்தியதால், பாட்டில்களை மேசைமேல் அடுக்கினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. உடனே உலகமே மாறிவிட்டது! அத்தை தெரு முழுவதும் சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸ் தோழி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. முன்பு சிரித்தவர்களும் பாட்டிலுக்குள் பார்க்கவில்லை. இப்போது பாராட்டுகிறவர்களும் பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்க்கிறார்கள். பரிசு கிடைத்திராவிட்டால் நான் இன்னும் "புழு"தானே? தையல் போடுகிறவளிடம் யாரும் பரிசு எங்கே என்று கேட்பதில்லையே!

இப்படி எழுதும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒருத்தி பழைய பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து நோட்டில் ஒட்டிவைக்கிறாள். எட்டாம் வகுப்பில் அந்த நோட்டைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. போன வாரம் அவளிடம் போய் நோட்டைக் கேட்டேன். தரமாட்டேன் என்றாள். மீண்டும் கேட்பதாக இருக்கிறேன்.

பாட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கட்டுரை முடியாது. பரிசுக்கு வெகுநாள் முன்பே, "என்னடி, கூடு திறந்ததா?" என்று காலைதோறும் விசாரித்தவர்கள் அவர்கள் ஒருவர்தான். ஒருநாள் கூட்டுப்புழு கறுத்து, உள்ளே சிறகின் கோலம் தெரிந்தது. மறுநாள் விடியுமுன் இருவரும் பாட்டிலின் முன் உட்கார்ந்தோம். கூடு வெடித்தது; கசங்கிய துணிபோல் ஒன்று வெளியே வந்து, குச்சியைப் பற்றித் தொங்கி, மெல்ல மெல்லச் சிறகை விரித்தது. பாட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. அது பறந்து போனபின், "செடியில் இன்னும் முட்டை இருக்கிறதா பார்" என்றார்கள்.